ஒன்பது அறையிலும் விறகு

ரூம் இல்லை சார். ஒன்பது ரூமும் நிறைந்திருக்கிறது.

ஆள் நடமாட்டமே காணோமே என்று பார்க்கிறீர்கள். வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். ரூமில் இருப்பது ஆட்கள் இல்லை. விறகு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பையை இறக்கி வையுங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதன் காலில் ஈரம் இருபத்தாறு. இதில் உட்காருங்கள், இது இரும்பு.

என்ன, ரூம் வேண்டாமா? குளித்துவிட்டுக் கிளம்பினால் போதுமா? கல்யாணத்துக்கு வந்தீர்களா? முகூர்த்தம் பத்தரைக்கா? அதற்கென்ன, இப்போது எட்டே முக்கால்தானே. நடைக்கோடியில் ஒரு குளியலறை இருக்கிறது. அதில் விறகு வைக்கவில்லை. வாளி, மக்கு, சோப்பு எல்லாம் உண்டு. வெந்நீர் மட்டும்தான் இல்லை. கோத்தகிரித் தண்ணீரை அப்படியே ஊற்றிக்கொண்டால் கல்யாணத்தில் நீங்கள் ஆசீர்வாதம் செய்யும்போது பல் தந்தியடிக்கும். ஆகவே கொஞ்சம் பொறுங்கள். பாய்லர் எது என்று இன்றைக்கு முடிவு செய்துவிடுகிறேன். இருபத்து மூன்று பாய்லரில் இருபத்தொன்றைத் தள்ளியாகிவிட்டது. இரண்டே இரண்டுதான் பாக்கி.

இன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும் சார். பத்து மணிக்கு என் மைத்துனர் காரமடையிலிருந்து வண்டி கொண்டு வருகிறார், என் சம்சாரத்தைக் கூட்டிப் போக. ஒரேயடியாக. அதற்குள் பாய்லர் முடிவாகிவிட்டால் அவள் போகமாட்டாள்.

அவள் எங்கே இருக்கிறாளா? அதோ, ஜன்னல் கண்ணாடி வழியாகப் பாருங்கள். ரோட்டுக்கு எதிரில் பழைய டீக்கடை. "சுடுதண்ணி கிடைக்கும்" என்று பலகை தெரிகிறதா? அதுதான். எட்டு மாதமாக அங்கேதான் இருக்கிறாள். சுலோச்சனா என்று பெயர். நேற்றோடு கடையை நிறுத்திவிட்டாள். வாசலில் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள் பாருங்கள். இல்லாவிட்டால் உங்களை அங்கே அனுப்பியிருப்பேன். என்னிடம் வந்தவர்களையெல்லாம் அங்கேதான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் ஆறுச்சாமி. முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் லேப் அசிஸ்டண்ட். வேதியியல். ஒரு சோதனைக்குழாய் குறைந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். இந்த லாட்ஜ் என் மாமனார் தன் மகளுக்குக் கொடுத்தது. அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் நிர்வாகம் என்று ஒன்று இருந்ததில்லை. நான் ரிடையர் ஆன பிறகுதான் நிர்வாகம் வந்தது.

அதற்கு முன்னால் வெந்நீர்ப் பிரச்சினை கிடையாது. அதையும் சொல்லிவிடுகிறேன், உண்மையை மறைக்கக் கூடாது. பத்தொன்பது வருடம், காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு ரூம் வாசலிலும் ஆவி பறக்க ஒரு வாளி இருக்கும். எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். வந்தது. நான் எழுந்து போனால் என் குளியலறையிலும் ஒரு வாளி இருக்கும். பச்சை வாளி. அந்த மாதிரி ஏற்பாடு அது. தானாக நடந்துகொண்டிருந்தது.

போன வருட ஐப்பசியில் ஒரு நாள் வாளி வரவில்லை. ஒன்பது ரூம்காரர்களும் துண்டைக் கட்டிக்கொண்டு நடையில் நிற்கிறார்கள். போய்ப் பார்த்தால் பின்கட்டுப் படியில் சுலோச்சனா உட்கார்ந்திருக்கிறாள். படியில் பாசி. வழுக்கிவிட்டது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. பக்கத்தில் இரண்டு வாளி கவிழ்ந்து கிடந்தது.

"ஏனுங்க, இந்தக் கையோட தூக்க முடியாதாட்ட இருக்குது" என்றாள். "நாளைக்கு ஒரு நாளைக்கு நீங்க எந்திரிச்சு எனக்கு ஒரு வாளி சுடுதண்ணி போட்டுக் குடுங்க. கைக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டு, குளிச்சுப்போட்டு உக்காந்துக்கறேன்."

நான் எதிலும் அடிப்படைக்குப் போகிறவன் சார். ஒரு நாளைக்கு என்று ஒன்றைச் செய்து பழக்கமில்லை. நன்றாக யோசித்துவிட்டு, "சுலோச்சனா, இதுக்கு ஒரு பாய்லர் வாங்கறதுதான் வழி" என்றேன்.

அவள் கவிழ்ந்து கிடந்த வாளி ஒன்றை நிமிர்த்தி வைத்தாள். "ஒரு வாளிங்க" என்றாள்.

"ஒம்பது ரூமுக்கும் சேர்த்தே பண்ணிப்போடலாம்" என்றேன். தாராளமாகத்தான் சொன்னேன்.

கோயம்புத்தூரிலிருந்து குணசீலன் என்று ஒரு பாய்லர்காரர் வந்தார். நல்ல மனிதர். வரும்போது நல்ல மனிதராக இருந்தார். "சார், இது சாதா பாய்லர் இல்லீங்க. விறகுக்கட்டை பாய்லர். கட்டையை அடுக்கிப் பத்த வச்சுக் கதவைச் சாத்திப்போட்டீங்கன்னா, வர்ற புகையையே திரும்ப எரிச்சுப்போடும். பக்கத்துல ஒரு பெரிய டேங்க். சூட்டைப் பூராவும் அதுல சேத்து வச்சுக்கலாம். கொழாயைத் திறந்தா சுடுதண்ணி. சுவத்துல ரேடியேட்டர் மாட்டுனா ரூமெல்லாம் கதகதன்னு இருக்கும்."

நான் நாற்பத்தாறு கேள்வி தயாரித்து வைத்திருந்தேன். பன்னிரண்டு வரைக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். பதிமூன்றாவதில் தண்ணீர் கேட்டார். இருபதாவதில் போன் வந்தது என்று எழுந்தார். போன் அடிக்கவில்லை. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

போகிற அவசரத்தில் ஒரு முக்கியமான விஷயம் சொன்னார். "எந்த பாய்லர் வேணா வாங்குங்க சார். விறகு காஞ்சிருக்கோணும். ஈரம் இருவது சதவீதத்துக்குக் கீழ இருக்கோணும். ஈரக்கட்டையைப் போட்டீங்கன்னா எதுவும் உருப்படாது. நல்லாக் காய ஒரு வருசம், ரெண்டு வருசம் ஆகும். அதுவரைக்கும் நீங்க நிதானமா யோசிச்சு பாய்லரை முடிவு பண்ணுங்க." சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்துக் கொடுத்தார். இதோ, இதுதான். இரண்டு ஊசி இருக்கிறது பாருங்கள். மரத்தில் குத்தினால் ஈரம் எத்தனை சதவீதம் என்று எண் காட்டும்.

அன்றைக்கு அந்த மனிதர் வேறு ஏதாவது இலவசமாகக் கொடுத்திருக்கலாம், ஒரு காலண்டர் கொடுத்திருக்கலாம் என்று சுலோச்சனா பல முறை சொல்லியிருக்கிறாள்.

கையில் கருவி இருக்கும்போது அளக்காமல் இருக்க முடியுமா? வாசல் கதவு இருபத்து நான்கு. சப்பாத்திக் கட்டை பத்தொன்பது, அது மட்டும்தான் இந்த வீட்டில் உடனே எரிக்கத் தகுந்தது. மாமனார் படத்தின் சட்டம் முப்பத்தொன்று. அதைச் சொன்னதும் சுலோச்சனா கண் கலங்கிவிட்டாள். முப்பத்தொன்றுக்குக் கலங்க வேண்டியதில்லை சார். துணியால் துடைத்து வெயிலில் வைத்தால் இறங்கிவிடும்.

சரி, பாய்லர் என்றால் எவ்வளவு பெரியது? அது தெரிய வேண்டும் அல்லவா? ஆளுக்கு எவ்வளவு வெந்நீர் என்று தெரியாமல் எப்படி வாங்குவது? ஒரு வினாத்தாள் தயார் செய்தேன். பதினேழே கேள்வி. நீங்கள் எத்தனை மக்கு ஊற்றிக் குளிப்பீர்கள்? தலைக்கு உண்டா? விளாவும்போது முதலில் ஊற்றுவது வெந்நீரா, பச்சைத் தண்ணீரா? குளிக்கும்போது பாடுவீர்களா? பாடுகிறவர்கள் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் சார், அதனால் கேட்டேன். சுலோச்சனா கை சரியாகி மறுபடி வாளி வரத் தொடங்கியிருந்தது. வினாத்தாளை எழுதிக் கொடுத்தால் வாளி. அதுதான் முறை. எழுதி முடிப்பதற்குள் தண்ணீர் ஆறிவிடுகிறது என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். ஒரு ஈரோட்டுக்காரர் பதினேழு கேள்விக்கும் ஒரே பதில் எழுதியிருந்தார். "யோவ், வெந்நீர் எங்கே?" அதையும் ஃபைலில் வைத்திருக்கிறேன். விதிவிலக்கு என்று தனியாக.

அடுத்தது விறகு. மண்டியிலிருந்து ஒரு லோடு இறக்கினேன். கற்பூர மரம். கீழே நீங்கள் தைலமரம் என்பீர்கள். இங்கேதான் ஒரு பெரிய முடிவு எடுக்க வேண்டியிருந்தது. சில பாய்லருக்கு அரை மீட்டர் நீளக் கட்டை வேண்டும். சிலவற்றுக்கு முப்பத்து மூன்று சென்டிமீட்டர் போதும். பாய்லரோ இன்னும் முடிவாகவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? நடுவாக நாற்பது சென்டிமீட்டரில் அறுக்கச் சொல்லிவிட்டேன். எதை வாங்கினாலும் ஆகட்டும் என்று.

அறுத்த அன்றைக்கு ஈரம் நாற்பத்தொன்று. புத்தகத்தில் உள்ளபடி கீழே கல் வைத்து, மேலே தகரம் போட்டு, காற்றுப் போக இடைவெளி விட்டு, வெளியே அடுக்கினேன். ஒரு மாதம் கழித்துக் குத்திப் பார்க்கிறேன். நாற்பத்து நான்கு. ஏறியிருக்கிறது! புத்தகம் எழுதினவர் எங்கள் ஊர் மூடுபனியைப் பார்த்ததில்லை. இங்கே துணி காய்வதற்கே மூன்று நாள். மரம் எப்படிக் காயும்?

அதனால் உள்ளே கொண்டுவந்தேன். முதலில் ஒன்பதாம் நம்பர் மட்டும். சின்ன ரூம், அதிகம் பேர் கேட்கமாட்டார்கள். தரை குளிர் என்பதால் கட்டில் மேல் அடுக்கினேன். ஒரு கரண்ட் ஹீட்டர் வைத்தேன். சிரிக்காதீர்கள், போர்வையெல்லாம் போர்த்தவில்லை. ஃபேன் மட்டும் போட்டேன். இருபது நாளில் முப்பத்தேழுக்கு வந்துவிட்டது! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எட்டாம் நம்பர், ஏழாம் நம்பர் என்று வரிசையாக நிரப்பினேன்.

சுலோச்சனா வந்து வாசலில் நின்று ஹீட்டரைப் பார்த்தாள். "ஏனுங்க, இந்த விறகு எதுக்குங்க?"

"ரூமைச் சூடு பண்றதுக்கு."

"ரூம்தான் இப்பச் சூடா இருக்குதே."

"இது விறகுக்கான சூடு. அது ஆளுக்கான சூடு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. இதற்கெல்லாம் கொஞ்சம் அறிவியல் தெரிந்திருக்க வேண்டும் சார்.

மாதம் ஒருமுறை ரிஜிஸ்டர் பார்க்க ஒரு போலீஸ்காரர் வருவார். சபாபதி. அவர் கேட்டார்: "ஏனுங்க சார், ஒம்பது ரூமும் ஃபுல்லுங்கறீங்க. எல்லா ரூம்லயும் லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது. ரிஜிஸ்டர்ல ஒரு பேரையும் காணோமே?"

நான் விதிக்குக் கட்டுப்பட்டவன். அன்றைக்கே எழுதிவிட்டேன். ரூம் எண் ஐந்து. பெயர், கற்பூர மரம். எண்ணிக்கை, நூற்றிருபது. எங்கிருந்து, விறகு மண்டி. வந்த காரணம், காய்வதற்கு. புறப்படும் நாள், ஈரம் இருபதுக்கு இறங்கியதும்.

சபாபதி அதை இரண்டு தடவை படித்தார். தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். "சார், எனக்கு இன்னும் நாலு வருசம் சர்வீஸ் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனார். அவர் சர்வீஸுக்கும் என் விறகுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வைகாசியில் சுலோச்சனா தன் அண்ணன் பேத்தி காதுகுத்துக்குக் காரமடை போனாள். நான்கு நாள். அந்த நான்கு நாளில் ஒரு லோடு வந்துவிட்டது. ஒன்பது ரூமிலும் இடமில்லை. எங்கள் படுக்கையறையில்தான் கொஞ்சம் இடம் இருந்தது. கட்டிலில் என் பக்கம் நான் படுத்திருக்கிறேன். அவள் பக்கம் சும்மாதானே கிடந்தது?

அவள் வந்து கதவைத் திறந்தாள். அப்படியே நின்றாள்.

"இதென்னதுங்க?"

"முப்பத்து நாலு" என்றேன். ஈரத்தைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"நகத்துங்க."

"இன்னும் பதினாலு பாயிண்ட் இறங்கோணும் சுலோச்சனா. இப்ப நகத்துனா ஏறிப்போயிரும்."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் விளக்கியிருப்பேன். ஒரு துணிப்பையை எடுத்தாள். பின்கட்டுக்குப் போய் அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் நின்று ஒன்று சொன்னாள். அதை அவள் வாயால் சொன்னபடியே சொல்கிறேன், ஏனென்றால் எழுதி வைத்திருக்கிறேன்.

"எனக்கு பாய்லர் வேண்டாமுங்க. ரேடியேட்டரும் வேண்டாமுங்க. ஒரே ஒரு வாளி சுடுதண்ணி. நீங்க உங்க கையால போட்டு, நீங்களே தூக்கிட்டு, இந்த ரோட்டைத் தாண்டி வாங்க. அன்னிக்கு நான் வர்றேன்."

பார்த்தீர்களா? இதுவரைக்கும் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகத் தேவையைச் சொன்னதில்லை. ஒரு வாளி. ரோட்டைத் தாண்டி. உடனே டேப் எடுத்து அளந்தேன். எங்கள் பின்கட்டிலிருந்து அவள் வாசல்வரை தொண்ணூற்றாறு அடி. நடுவில் பஸ் போகிற ரோடு. மலைக்காற்று. போய்ச் சேருவதற்குள் எவ்வளவு சூடு குறையும்? அதைக் கணக்குப் போட்டு, பாய்லரின் அளவை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். ரோட்டுக்கு அடியில் குழாய் பதிப்பதற்கு நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு மனு கூட எழுதி வைத்திருக்கிறேன். பாய்லர் முடிவானதும் அனுப்ப வேண்டியதுதான்.

எட்டு மாதமாக இதே வேலைதான் சார். நான் அவளை மறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று மைத்துனர் நினைக்கிறார். ராப்பகலாக அவளுக்காகத்தான் பாய்லர் பார்க்கிறேன்.

அவள் அங்கே என்ன செய்தாள்? மூன்று கல்லைப் போட்டாள், அண்டாவை வைத்தாள், கிடைத்த சுள்ளியைப் பொறுக்கி எரித்தாள். எந்தத் தேர்வும் இல்லை, எந்தக் கணக்கும் இல்லை. புகை, கரி. ஆனால் பாருங்கள், சுற்றுவட்டார லாட்ஜ்காரர்கள், டாக்சிக்காரர்கள் எல்லோரும் அங்கே வரிசையில் நின்றார்கள். என்னிடம் வந்தவர்களை நானும் அனுப்பினேன். கையில் இரண்டு வாளி கொடுத்து அனுப்புவேன். ஒன்று அவர்களுக்கு. பச்சை வாளி எனக்கு. என்னுடையது என்று சொல்ல வேண்டாம் என்பேன். யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வாளி வந்ததும் லேப் தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பேன். தினமும் குறித்து வைத்திருக்கிறேன். மற்ற வாளி ஐம்பது, ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்பது. பச்சை வாளி அறுபத்தொன்று, அறுபத்து மூன்று, அறுபத்திரண்டு. எட்டு மாதமும் அப்படித்தான். ஒரே அண்டா, ஒரே நேரம், ஒரு வாளிக்கும் இன்னொரு வாளிக்கும் பத்து டிகிரி வித்தியாசம்! தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். இதற்காகத்தான் சார் நல்ல பாய்லர் வேண்டும் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி, வாருங்கள், இந்த இரண்டு கேட்லாக்கையும் நீங்களே பாருங்கள். படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். இது அரை மீட்டர் கட்டைக்கானது. என் கட்டையைப் போட்டால் உள்ளே பத்து சென்டிமீட்டர் வெற்றிடம். இது முப்பத்து மூன்றுக்கானது. என் கட்டை நுழையாது. ஒன்றில் ஆடுகிறது, இன்னொன்றில் இடிக்கிறது. அங்கேதான் நிற்கிறேன். விறகும் இன்னும் தயாராகவில்லை. காலையில் எல்லா ரூமிலும் குத்திப் பார்த்தேன். இருப்பதிலேயே நல்ல கட்டை, மூன்றாம் நம்பரில் ஜன்னலோரம், இருபத்தொன்று. ஒரே ஒரு பாயிண்ட்! அது மட்டும் இறங்கிவிட்டால்...

ஹாரன் கேட்டதா? அடடா, வந்துவிட்டார். மணி ஒன்பதரைதானே ஆகிறது! காரமடைக்காரர்கள் எப்போதும் இப்படித்தான், பத்து மணி என்றால் ஒன்பதரைக்கு வந்து நிற்பார்கள். அதோ இறங்குகிறார் பாருங்கள், வெள்ளைச் சட்டை. பலகையைக் கழற்றுகிறார். "சுடுதண்ணி கிடைக்கும்" போச்சு.

சுலோச்சனா இந்தப் பக்கம் பார்க்கிறாளா? மூக்குக்கண்ணாடி இல்லாமல் எனக்கு அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. பார்க்கிறாளா?

என்ன கேட்டீர்கள்? எத்தனை வாளி கேட்டாள் என்றா? சொன்னேனே, ஒரு வாளி.

ஆமாம் சார். ஒன்று.

ஒன்பது ரூம் இல்லை. அவள் ஒன்பது ரூம் என்று சொல்லவில்லை. டேங்க் சொல்லவில்லை. படியில் விழுந்த அன்றைக்கும் ஒரு வாளி என்றுதான் சொன்னாள். நான்தான்... சும்மா இருங்கள், யோசிக்கவிடுங்கள்.

பதினைந்து லிட்டர் தண்ணீர். இப்போது பன்னிரண்டு டிகிரி. அறுபதுக்குக் கொண்டுபோக நாற்பத்தெட்டு டிகிரி ஏற்ற வேண்டும். அதற்கு நன்றாகக் காய்ந்த எரிபொருள் கால் கிலோ, அடுப்பு வீணாக்குவதையும் சேர்த்தால் இரண்டு, மூன்று கிலோ. இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் சார். ஆனால் காய்ந்த எரிபொருளுக்கு எங்கே போவேன்? வீடு முழுக்க விறகு, எல்லாம் இருபதுக்கு மேலே.

அந்தக் கேட்லாக்கைக் கொடுங்கள். குத்திப் பார்க்கிறேன். எட்டு.

எட்டு சதவீதம்! சார், இந்தக் கட்டிடத்தில் உருப்படியாகக் காய்ந்திருப்பது இந்த ஃபைல்தான். ஒன்றேகால் வருடமாக என் மேசை ஹீட்டருக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. எடுங்கள் எல்லாவற்றையும். அந்த அலமாரியில் இருப்பதையும். வினாத்தாள் மூன்று கட்டு இருக்கும், அதையும் எடுங்கள். பின்கட்டுக்கு வாருங்கள். படியில் பார்த்து வாருங்கள், பாசி. ஒன்றேகால் வருடமாக இதைத் தேய்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

அண்டாவை அவள் எடுத்துப் போய்விட்டாள். இட்லிப் பானை போதும். அடுப்புக் கல் அப்படியே இருக்கிறது. தீப்பெட்டி... இதோ. காற்றுக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். கசக்கிப் போடுங்கள் சார், தாளை அப்படியே போட்டால் பிடிக்காது. முறுக்கிப் போடுங்கள், நின்று எரியும். அப்படித்தான். இது குணசீலன் கொடுத்தது. நாற்பத்தாறு கேள்வியும் இதன் பின்னால்தான் எழுதியிருந்தேன். போகட்டும். இது சேலத்துக் கம்பெனி. கதவு கைப்பிடி இடது பக்கம் இருந்ததால் தள்ளினேன். இது விதிவிலக்கு, ஈரோட்டுக்காரர். போடுங்கள், போடுங்கள், மனிதர் நன்றாக எரிகிறார். அந்தத் தெர்மாமீட்டரைக் கொடுங்கள், தண்ணீர் எத்தனை டிகிரி என்று பார்க்கிறேன்.

முப்பத்தொன்று.

அங்கே என்ன நடக்கிறது? எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். அண்டாவை ஏற்றிவிட்டார்களா? அவள் எங்கே? வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாளா? உட்காரவில்லையே? பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாளா? சரி. இந்தப் புகை அவளுக்குத் தெரியும். கண்டிப்பாகத் தெரியும். இந்தப் பின்கட்டிலிருந்து அவள் இல்லாமல் புகை வந்ததே கிடையாது.

நாற்பத்து நான்கு. இருமாதீர்கள் சார், அந்தப் பக்கம் வாருங்கள். கண் எரிகிறது. தினமும் இந்தப் புகையிலா உட்கார்ந்திருந்தாள்?

சூடு குறையும் கணக்கு நோட்டு, அதைப் போடுங்கள். நெடுஞ்சாலைத் துறை மனு, அதையும். ஐம்பத்து மூன்று. வேறு என்ன இருக்கிறது? அவ்வளவுதானா?

இந்த இரண்டும்தான் பாக்கி. அரை மீட்டர், முப்பத்து மூன்று.

கொடுங்கள். இரண்டையும் கொடுங்கள். முடிவு எடுத்தாயிற்று.

ஐம்பத்தெட்டு. அறுபது. போதும், இல்லை, கொஞ்சம் பொறுங்கள். அறுபத்திரண்டு வரட்டும். பச்சை வாளிக்கு அறுபத்திரண்டுதான் கணக்கு. வந்துவிட்டது. பானையை அந்தப் பக்கம் பிடியுங்கள், துணி வைத்துப் பிடியுங்கள், மெதுவாகப் பச்சை வாளியில் சாய்த்து ஊற்றுங்கள்.

அய்யோ, என்ன சார் இது, இவ்வளவு கனம்? பதினைந்து லிட்டர் என்றால் பதினைந்து கிலோ, அது எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு கனம் என்று தெரியாது. இதையா ஒன்பது ரூமுக்கும்... இந்தப் படியிலா...

இல்லை இல்லை, நீங்கள் ஏன் துண்டை எடுக்கிறீர்கள்? இது உங்களுக்கு இல்லை. கையை எடுங்கள். இதை நான்தான் தூக்க வேண்டும். நீங்கள் ஒன்று செய்யுங்கள். அடுப்பில் தணல் இருக்கிறது. மூன்றாம் நம்பரில் ஜன்னலோரம் இருக்கிற கட்டை இரண்டை எடுத்து வாருங்கள். இருபத்தொன்று என்று பார்க்காதீர்கள், எரியும். பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். முகூர்த்தத்துக்குப் போய்விடலாம். நீங்களே போட்டுக்கொள்ளலாம் சார், ரொம்பச் சுலபம். பாய்லரெல்லாம் தேவையே இல்லை.

தெர்மாமீட்டரா? அது அங்கேயே கிடக்கட்டும்.

கொஞ்சம் வழிவிடுங்கள். ஆறிவிடும்.